மிதித்தால் பிளக்கும் மிஷின்

என் மனைவி விறகு பிளப்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. கச்சால் தீவில், சுனாமியில் கடல் வந்து போன பிறகு, மேட்டில் கட்டிக்கொடுத்த தகரக் கொட்டகையில் இருந்தோம். அலை அடித்து வந்த மரம் ஒன்று என் வலது தோளை உடைத்திருந்தது. போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்துவிட்டார்கள். ஆனால் கை நெஞ்சுக்கு மேலே எழும்பவில்லை. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த என்னைக் காவல் வேலைக்கு மாற்றினார்கள்.

அதே அலையில்தான் எங்கள் மகளும் போனாள். ஒரே பிள்ளை. அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். உடல் கிடைக்கவில்லை.

கேஸ் சிலிண்டர் கப்பலை நம்பியது. கப்பல் வானிலையை நம்பியது. அதனால் எல்லா வீட்டிலும் விறகு அடுப்புதான். உப்புத் தண்ணீர் ஏறிய பள்ளத்தில் ரப்பர் மரங்கள் நின்றபடியே பட்டுப்போயிருந்தன. தோட்டத்து ஆட்கள் அவற்றை அறுத்து, உருளை உருளையாக வாசலில் போட்டுவிட்டுப் போவார்கள். பிளப்பது அவரவர் பாடு. மற்ற வீடுகளில் ஆண்கள் பிளந்தார்கள். எங்கள் வீட்டில் அவள் பிளந்தாள்.

அதற்கு முன் அவள் கோடாலியைத் தொட்டதில்லை. அது என் வேலையாக இருந்தது. இப்போது அவள் தலைக்கு மேலே ஓங்கி, தொண்டையிலிருந்து ஒரு சத்தத்தோடு இறக்குவாள். நான் இடது கையால் உருளையை உருட்டிவந்து நிமிர்த்தி வைப்பேன். "தள்ளுங்க" என்பாள். தள்ளி நிற்பேன். அவ்வளவுதான் என் பங்கு.

ஒரு மழை நாளில் கோடாலி கட்டையின் கணுவில் பட்டு வழுக்கி அவள் முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது. எலும்பு தெரிந்தது. என் துண்டைக் கட்டினேன். ஒரு கையால் இறுக்கிக் கட்ட வரவில்லை. சத்தம் போட்டேன். பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் இரண்டு பேர் ஓடிவந்து அவளை நாற்காலியில் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். சேற்றில் அவர்கள் பின்னாலேயே நடந்தேன். என் பெண்சாதியை நான் தூக்க முடியவில்லை. தையல் பிரித்த மறுநாளே அவள் மறுபடி கோடாலியை எடுத்தாள்.

"வேணாம் புள்ள. யாரையாச்சும் கேப்போம்."

"எத்தன நாளைக்குக் கேப்பீங்க?"



அடுத்த முறை தோளைக் காட்டப் போர்ட் பிளேர் போனபோது, அங்கே ஹேடோ துறைமுகத்தில் வேலை பார்த்த அவளுடைய அண்ணனிடம் சொன்னேன். அவர் என்னை இயந்திரச் சாமான் விற்கும் ஒரு கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் மதுரைப் பக்கம். ஆனாலும் தீவில் இருந்து இருந்து பேச்சில் பாதி ஹிந்தியாகிவிட்டது.

"லக்கடி பிளக்கிற மிஷினா? இருக்கு பாய். மெயின்லேண்ட்ல இருந்து வரவழைக்கணும்," என்று படம் போட்ட புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். "பிஜிலி வாலா பாருங்க. பட்டனை அமுக்கினா போதும்."

"எங்க ஊர்ல கரண்டு எப்ப வரும், எப்ப போகும்னு சொல்ல ஏலாது."

"அப்ப பெட்ரோல் வாலா."

"பெட்ரோல் வந்தா மோட்டார் போட்டுக்கே பத்தலைங்க."

அடுத்தது கையால் அடிப்பது. இரண்டு பக்கமும் இரண்டு நீளக் கம்பிகள். கடைக்காரர் என் தோளைப் பார்த்தார், பிறகு அந்தப் பக்கத்தைத் தானாகவே புரட்டிவிட்டார். கடைசியாக இருந்தது காலால் மிதிப்பது. லாரி ஜாக்கி மாதிரிதான். படுக்க வைத்த ஜாக்கி. ஒரு முனையில் இரும்பு ஆப்பு, மறு முனையில் தட்டு. நடுவில் கட்டையை வைத்து மிதித்துக்கொண்டே இருந்தால் தட்டு நகர்ந்து கட்டையை ஆப்பில் தள்ளும்.

"இதுக்குக் கை வேணாமே," என்றார் மச்சான் மெதுவாக.

"இதே போதும்," என்றேன்.

சென்னையிலிருந்து கப்பல் ஏறி ஹேடோவுக்கு வந்து, அங்கே கிடங்கில் கிடந்து, பிறகு தீவுக் கப்பலில் அது எங்களிடம் வந்து சேர்வதற்குள் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. ஒருமுறை கப்பல் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரை வந்து, அலை அதிகம் என்று சாமானை இறக்காமலே திரும்பிப் போனது. உடைந்த படகுத்துறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போனபோது அவள் பிளந்து முடித்துக் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் வந்தது. முதல் கட்டையை வைத்து மிதித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கட்டைக்குள்ளிருந்து நறநறவென்று ஒரு சத்தம். விரிசல் ஓடியது. இரண்டாக விழுந்தது. பக்கத்துக் கொட்டகைக் குழந்தைகள் கை தட்டினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அவள் உள்ளே போயிருந்தாள்.

காவல் முடிந்து வந்ததும் தினமும் மிதிப்பேன். விறகு கூரை உயரத்துக்கு அடுக்கியாயிற்று. அவளுக்கு ஓய்வு கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அவளோ அடுப்பு முன்னால் உட்கார்ந்தே இருந்தாள். சோறு அடிப்பிடித்தது. கூப்பிட்டால் இரண்டாம் முறைதான் திரும்பினாள். பாதித் தூக்கத்தில் எழுந்து வாசலில் நின்றாள். கால் வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பாள். டாக்டரிடம் போகலாமா என்றால் வேண்டாம் என்பாள்.

ஒரு நாள் விடிந்தும் விடியாமலும் கோடாலிச் சத்தம் கேட்டு எழுந்தேன். கொட்டகைக்குப் பின்னால் நின்று பிளந்துகொண்டிருந்தாள். நான் ஏற்கெனவே பிளந்து அடுக்கியதை எடுத்து மறுபடி பிளந்துகொண்டிருந்தாள். விரல் பருமனுக்குச் சிராய் சிராயாக, அவள் காலைச் சுற்றிக் குவிந்து கிடந்தது.

"என்னத்துக்கு புள்ள இது? நாந்தான் பொளந்து வச்சிருக்கேனே."

"தெரியும்."

"பொறகு?"

அவள் கோடாலியைக் கீழே வைக்கவில்லை. "இத ஓங்குறப்பதான் எனக்கு மூச்சு வருது. அதையும் நீங்க பறிச்சிட்டீங்க."

"கால வெட்டிக்கிட்டியேன்னுதான்..."

"உங்கள ஹெலிகாப்டர்ல தூக்கிட்டுப் போனாங்க. நான் ஒருத்தியா கரையெல்லாம் தேடினேன். நீங்க வந்த பொறகும் எங்க தேடுனன்னு ஒரு வார்த்தை கேக்கல."

கேட்க எனக்குப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை. நினைவில்லாமல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவன் நான். கேட்டால் அவள் சொல்லுவாள், சொன்னால் என்னால் என்ன செய்ய முடியும்? ஆனால் அன்றைக்கு வேறு வழியில்லை.

"எங்க தேடுன?"

அவள் சொன்னாள். சாய்ந்து கிடந்த தென்னைகளுக்குக் கீழே. பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் தேங்கிய தண்ணீரில். கரையில் துணி போட்டு மூடியிருந்தவர்களை ஒவ்வொருவராகத் துணி விலக்கிப் பார்த்தது. ஒரு பிள்ளையின் பாவாடை எங்கள் மகளின் பாவாடை மாதிரியே இருந்தது. சொல்லச் சொல்ல நடுநடுவே கோடாலியை இறக்கினாள். நான் சிராய்க் குவியலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்டேன். முடித்ததும், "தேத்தண்ணி வைக்கவா?" என்று கேட்டாள். வைக்கச் சொன்னேன்.

அதன் பிறகு மிஷினைப் பெரிய உருளைகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். பாதியாகப் பிளந்து அவள் பக்கம் தள்ளிவிடுவேன். மிச்சம் அவளுடையது. என் காவல் வேலைக்குக் கொடுத்த ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். பெரிதாக இருந்தது, முனையில் துணி அடைத்துப் போட்டுக்கொண்டாள்.

ரப்பர் மரம் தீர்ந்து காட்டு மரம் வர ஆரம்பித்ததும் மிஷின் முனகியது. முறுக்கு விழுந்த ஒரு கட்டையில் ஆப்பு பாதியில் சிக்கி நின்றது. நான் விடாமல் மிதித்தேன். உள்ளே எதுவோ விட்டுப்போய் எண்ணெய் மண்ணில் ஓடியது. எண்ணெய் கசியாமல் தடுக்கிற சீல் போய்விட்டது என்றார் தோட்டத்து மெக்கானிக். தீவில் அந்தச் சீல் கிடையாது. மச்சான் ஒன்று அனுப்பினார், அளவு சேரவில்லை. இன்னொன்றுக்குச் சொல்லிவிட்டோம். அது வரவில்லை. உப்புக் காற்றில் ஆப்பு துருவேறிச் சிவந்தது.

பிறகு நிரந்தர வீடு கொடுத்தார்கள். சாமான் ஏற்ற வந்தவர்கள் மிஷினைக் காட்டி, "இதுவும் வருதா?" என்று கேட்டார்கள். நான் அவளைப் பார்த்தேன்.

"ஏத்துங்க," என்றாள். "அவரு வாங்கினது."