ஒரே நாளில் நிறுத்திய மாத்திரை

வார்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். கட்டிலில் என் மனைவி, பல் பட்டுக் கிழிந்த நாக்கோடு. தலைமாட்டில் அவள் தம்பி. கால்மாட்டில் ஒரு நர்ஸ். எதிரே டாக்டரம்மா, சின்ன வயசு. சுவர் ஓரமாக நான்.

காலையில் தோசைக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே விழுந்தாள். கை கால் இழுத்தது. வலது தோள் மூட்டு விலகிவிட்டது. அதற்கு முன் அவளுக்கு வலிப்பு வந்ததே இல்லை.

"ஏதாவது மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தாங்களா?" டாக்டரம்மா கேட்டார்.

"சாப்புட்டுக்கினு இருந்தா. நான்தான் நிறுத்திட்டேன். மூணு நாளாவுது."

அவள் தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். "இன்னா மாமா பண்ணி வெச்சிக்கிற?"



கும்மிடிப்பூண்டியில் அவள் வேலை செய்த கம்பெனிக்குப் பக்கத்து ஷெட்டில் ஒருமுறை பாய்லர் வெடித்தது. அவளுக்குக் காயம் இல்லை. ஆனால் அதிலிருந்து சின்னச் சத்தத்துக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், தூக்கம் வராது. திருவள்ளூரில் ஒரு டாக்டர் பதட்டத்துக்கு மாத்திரை எழுதினார். இரண்டு வாரத்துக்கு என்றுதான் சீட்டில் இருந்தது. அவள் நன்றாகத் தூங்கினாள். நானும் தூங்கினேன். அதனால் அதே சீட்டைக் காட்டி நானே வாங்கி வந்தேன். மருந்துக்கடைக்காரர் கேட்கவில்லை. இரண்டு வருஷம் போனது. ஒன்று போதாமல் இரண்டானது.

என் பையில் இருந்த மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு ஷிப்டில் கூட வேலை செய்கிறவன்தான் சொன்னான். "அது போதை மாத்திர மச்சான். உம் பொண்டாட்டிக்கு நீயே ஊத்திக் குடுக்கற மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷப் பீடியை ஒரே நாளில் விட்டவன் நான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. வீட்டுக்குப் போனதும் அட்டையிலிருந்து எல்லாவற்றையும் பிதுக்கி எடுத்து கக்கூஸில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன்.

மறுநாளே அவளுக்கு விரல் நடுங்கியது. வியர்த்தது. இரண்டு நாளும் கண் மூடவில்லை. பீடி விட்டபோது எனக்கும் நடுங்கியது. சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. "மூளைக்குள்ள பிரேக் மாதிரி ஒண்ணு இருக்கு. இந்த மாத்திரை அந்த பிரேக்க கூடவே சேந்து அழுத்தும். ரொம்ப நாள் ஆனா, மாத்திரைதான் அழுத்துதேன்னு மூளை தன் பக்கம் தளத்திடும். அப்ப மாத்திரைய திடீர்னு எடுத்தா பிடிக்க ஒண்ணுமே இல்ல. அதான் வலிப்பு. உயிரே போயிருக்கலாம்."

"இப்ப இன்னா பண்றதும்மா?"

"மறுபடி குடுக்கணும். பழசு உடம்புல இருந்து சட்டுனு இறங்கிடும். நான் எழுதறது அதே வகைதான், ஆனா மெல்ல இறங்குற மாத்திரை. கொஞ்சம் கொஞ்சமா குறைக்கலாம், மாசக்கணக்காகும். நீங்க என்ன வேலை?"

"ரோலிங் மில்லுல, இரும்பு காச்சற பர்னஸ்."

"அத எப்படி அணைப்பீங்க?"

"மூணு நாளு எடுக்கும்மா. சூட்ட மெல்ல எறக்கணும். சட்டுனு அணைச்சா உள்ள செங்கல்லு வெடிச்சிடும்."

சொல்லி முடிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டரம்மா சீட்டு எழுதினார்.

இப்போது பிளேடால் மாத்திரையை நான்தான் வெட்டுகிறேன். முக்கால், அரை, கால். அவள் வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. தலையையும் நானே பின்னிவிடுகிறேன். சரியாக வரவில்லை என்பாள்.

விழுந்ததும் அதற்கு முந்தின நாட்களும் அவளுக்கு ஞாபகம் இல்லை. போன வாரம் பின்னிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அந்த மூணு நாளு நான் மாத்திர கேக்கலியா?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"கேட்ட."

"நீ இன்னா சொன்ன?"

"பொறுத்துக்கோன்னேன்."

சடையை முடித்து நுனியில் ரப்பர் பேண்ட் போட்டேன். பிறகு, "எத்தினி வாட்டி கேட்டேன்?" என்றாள்.

"பதினொன்னு."