பாறைக்கு வடக்கே வெயில்

காலை ஐந்தே முக்காலுக்குப் பாபகூராவிலிருந்து கிளம்பினோம். ஜூன் மாதம், நியூசிலாந்தின் ஆக்லாந்தில் குளிர்காலம். மோட்டலில் அறைக்கு நாளொன்றுக்கு அறுபத்தைந்து டாலர். ஹீட்டர் ஓடாத அறைக்கும் அதே அறுபத்தைந்துதான். வெளிநாட்டுப் படப்பிடிப்பு என்றால் உல்லாசம் என்று பத்திரிகையில் எழுதுகிறவர்களை அந்த வேனில் ஏற்றியிருக்க வேண்டும். பன்னிரண்டு பேர் உட்காரும் வண்டியில் பதினான்கு பேர், கேமராப் பெட்டிகள், கதாநாயகி, அவர் அம்மா.

நான் அந்தக் கன்னடப் படத்தின் தயாரிப்பு நிர்வாகி. சென்னைக்காரன். எனக்குப் பக்கத்தில் ஒளிப்பதிவாளர் கெம்பண்ணா. வயது நாற்பத்தாறு. மைசூரில் ஒரு ஸ்டுடியோவுக்கு டிராலி தள்ள வந்தவர். இருபத்திரண்டு வருஷம் உதவியாளர். பிரிண்ட் பார்க்கச் சென்னை லேபுக்கு அலைந்து அலைந்தே தமிழ் கற்றுக்கொண்டார். அவர் எடுத்த எத்தனையோ காட்சிகளுக்கு வேறு ஆளின் பெயர் திரையில் ஓடியிருக்கிறது. அவர் பெயரே வரப்போகிற முதல் படம் இது.

முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் தயாரிப்பாளர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "நாளைக்குப் பாட்டு ஒழுங்கா வரலேன்னா, ஊருக்குப் போனதும் வேற கேமராமேன்." கெம்பண்ணா தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அடுத்தவன் சோற்றில் கை வைத்திருக்கும் நேரத்தில் இப்படிப் பேசுகிறவனை நான் மனிதனாக மதிப்பதில்லை.

வேன் ஓட்டியவர் சிவநேசன், யாழ்ப்பாணத்துக்காரர். ஆக்லாந்தின் விரி பகுதியில் ஒரு கிடங்கில் வேலை. இரண்டு நாள் லீவு போட்டு எங்களுக்கு ஓட்டினார். நாங்கள் போகவேண்டிய பீஹா கடற்கரை சுமார் எழுபது கிலோமீட்டர். கடைசிப் பகுதி முழுக்கக் காடும் வளைவும்.

"அண்ணை, நடிகையின்ர அம்மாவுக்குச் சத்தி வருமோ? முகம் ஒரு மாதிரிக் கிடக்கு."

"வாந்தி வந்தா உங்க வேன்லதான்."

"ஐயோ, இது இரவல் வேன்!"

ஏழு நாற்பதுக்கு இறங்கினோம். கறுப்பு மணல். நடுவே சிங்கம் படுத்த மாதிரி ஒரு பெரிய பாறை. சிவநேசன் முன்கூட்டி அனுப்பிய போட்டோக்களையும் வரைபடத்தையும் வைத்து, பாறையின் தெற்கு அடிவாரத்தைக் கெம்பண்ணா குறித்திருந்தார். அங்கேதான் நடனம். அனுமதி அன்று ஒரு நாளைக்கு மட்டும். மறுநாள் விமானம்.

எட்டரைக்கு மேக்கப் முடிந்தது. பாறையின் நிழல் எங்கள்மேல் கிடந்தது. "கொஞ்சம் ஏறட்டும்" என்றார் கெம்பண்ணா. ஒன்பதரை ஆயிற்று. நிழல் பக்கவாட்டில் நகர்ந்ததே தவிர விலகவில்லை. பத்து மணிக்குச் சிவநேசன் என் அருகே வந்தார்.

"வெயில் இந்தப் பக்கம் வராது அண்ணை. இஞ்ச வடக்காலதான் போகும். என்ர வீட்டுத் தெற்குச் சுவர் முழுக்கப் பாசி."

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதாய்யா?"

"நீங்கள் கேக்கேல்லையே. சினிமாக்காரருக்கு வெயில் தெரியும் எண்டு நினைச்சன்."

நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி சூரியன் தெற்கே சாய்ந்து போகும். அதைப் பார்த்தே கேமரா வைத்துப் பழகிய கை, உலகத்தின் இந்த மூலைக்கு வந்தும் தெற்கையே குறித்துவிட்டது.

தயாரிப்பாளர் கத்திக்கொண்டு வந்தார். "போட்டோ அனுப்பின வேன்காரன்தானே காரணம்? அவன் சொல்லியிருக்க வேண்டாமா?" இயக்குநர் உடனே தலையாட்டினார். தப்பிக்க வழி திறந்தே கிடந்தது. கெம்பண்ணாவும் தலையாட்டியிருந்தால் போதும், அவர் வேலை பிழைத்திருக்கும்.

"அவர் படம்தான் அனுப்பினார். இடம் குறிச்சது நான். தப்பு என்னோடது" என்றார்.

மழை பெய்தால்கூட உதவி இயக்குநர்மேல் பழி போடும் தொழில் இது. பதினான்கு வருஷத்தில் அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை இங்கே யார் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை.

சிவநேசன் ஓடிப்போய் டெய்ரியில், அதாவது அங்குள்ள பெட்டிக்கடையில், விசாரித்து வந்தார். இரண்டு மணிக்குள் தண்ணீர் பாறையைத் தொட்டுவிடுமாம். "வடக்குப் பக்கம் போவோம்" என்றார் கெம்பண்ணா. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே நல்ல வெயில். பாறையை ஒட்டிக் கேமராவை வைத்து, நடிகையின் முதுகில் வெயில் விழும்படி நிறுத்தினார். கூந்தல் ஓரம் பளபளத்தது. முகம் கரி. நம் ஊர் மணல் கீழிருந்து முகத்துக்கு வெளிச்சம் தரும். இந்த மணல் விழுந்த வெளிச்சத்தை அப்படியே தின்றுவிடுகிறது. முகத்துக்கு வெளிச்சம் திருப்ப இருந்த இரண்டு வெள்ளித்தாள் பலகைகளில் ஒன்றைக் காற்று உடைத்துவிட்டது.

"வெள்ளையா ஏதாவது இருக்கா? எதுன்னாலும் சரி" என்று கெம்பண்ணா கேட்டார்.

சிவநேசன் வேனின் பின்கதவைத் திறந்தார். கிடங்கில் ஃபிரிட்ஜ் பெட்டிகளுக்குள் வைத்து வந்த தெர்மோகோல் பலகைகள், ஆறு. "குப்பைக்கு எண்டு ஏத்தினது, இறக்க மறந்துபோனன்."

கெம்பண்ணா சிரித்தார். அந்தப் பயணத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு. சமையல்காரர், நான், சிவநேசன், நடிகையின் அம்மா என்று ஆளுக்கொன்றைக் காற்றில் பிடித்துக்கொண்டு நின்றோம். கெம்பண்ணா வெளிச்சம் அளக்கும் மீட்டரைப் பையில் போட்டுவிட்டார். நடிகையின் கன்னத்தருகே தன் புறங்கையை நீட்டிப் பார்ப்பார். "அம்மா, அரை அடி முன்னால. போதும்." அவ்வளவுதான்.

"ஆட்டாதேம்மா, மூக்கு மட்டும் கறுப்பா விழும்!" என்று கத்தினார் நடிகை.

"நீ முதல்ல ஸ்டெப்பைச் சரியாப் போடுடீ!"

கையில் நான்கு ரோல்தான். ஒவ்வொரு ஷாட்டும் ஒரே டேக். ஒன்றே முக்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு பேர் முக்காலியைக் கட்டிப்பிடிக்க, முழங்கால் அளவு அலையில் நின்று கடைசி ஷாட்டை எடுத்தார். எல்லோரும் கைதட்டினோம். தயாரிப்பாளர் தட்டவில்லை.

மறுநாள் விமானத்தில் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஃபிலிம் டப்பாக்களை மடியில் வைத்தபடி வந்தார் கெம்பண்ணா. தூங்கவில்லை. கழுவிப் பார்க்கும்வரை படம் விழுந்ததா என்று அவருக்கே தெரியாதே.

ஒன்பது நாள் கழித்துச் சென்னை லேபில் போட்டுப் பார்த்தோம். கறுப்பு மணல், வெள்ளை நுரை, நடுவே உள்ளிருந்து வெளிச்சம் வருகிற மாதிரி ஒரு முகம். ஆப்பரேட்டரே இரண்டாம் தடவை ஓட்டினார். விளக்கு போட்டதும் தயாரிப்பாளர் எழுந்து, வந்திருந்த விநியோகஸ்தர்களிடம் சொன்னார்: "எல்லாரும் தெற்குப் பக்கம்னாங்க. நான்தான் வடக்கே போங்கன்னு பிடிவாதமா நின்னேன்."

நான் எழுந்தேன். கெம்பண்ணா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். "விடுங்க. பன்னெண்டாம் தேதி மைசூர் ஷெட்யூல் என்கிட்டயே கொடுத்துட்டார். லென்ஸ் லிஸ்ட் எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன். அந்த அறையில் என்னைப் பேசவிடவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்: வடக்கே போகச் சொன்னது கெம்பண்ணா.