கொட்டையைத் தேடும் வாய்

கெலமங்கலம் தாண்டி, ரத்னம்மாவின் திராட்சைத் தோட்டத்தில் நிற்கிறேன். வெயில் ஏறியும் குளிர் விடவில்லை. பெங்களூர் ஒயின் கம்பெனியில், இவர் பழத்தில் செய்த சிவப்பு ஒயின் ஒரு பாட்டிலை என்னிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். பல வருஷமாகப் பழம் அனுப்புகிறவர், ஒயினை ருசித்ததே இல்லையாம்.

பழம் பழுத்ததா என்று இவர் கொட்டையைக் கடித்துத்தான் பார்ப்பார். வறுகடலை மாதிரி நொறுங்கினால்தான் அறுவடை. போன வருஷம் சானமாவு காட்டு யானைகள் பக்கத்துக் கொல்லை வரை வந்துவிட்டன. வீட்டில் உடனே அறுக்கச் சொல்லியும், கொட்டை இன்னும் நொறுங்கவில்லை என்று பத்து நாள் காத்திருந்தாராம். அந்தப் பழம்தான் இந்தப் பாட்டிலில் இருக்கிறது.

எவர்சில்வர் டம்ளரில் ஊற்றுகிறேன். நாவல்பழ வாசனை எழுகிறது. புடவைத் தலைப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு வாய் குடிக்கிறார். விழுங்கிய பிறகும் தாடை அசைந்துகொண்டே இருக்கிறது.

"என்னக்கா மெல்றீங்க?"

"கொட்டையத் தேடறேண்ணா" என்று சிரிக்கிறார். பிறகு டம்ளரை மறுபடி நீட்டுகிறார்.

"எங்க வூட்டுக்காரருக்கும் ஊத்துங்க. ஆனை வருது, அறுத்துருன்னு தெனமும் கத்துனது அவருதான்."