நவாப்பைச் சுமந்து நின்றவர்

பொங்கலுக்கு முந்தைய நாள் பெருங்களத்தூர் பஸ் நிறுத்தம் எப்படி இருக்கும் என்று நம் குடியிருப்பில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் பாதி ஜனம் தெற்கே போகவும், மீதிப் பாதி அவர்களுக்கு டாட்டா காட்டவும் அங்கேதான் வந்து நிற்கும். அந்தப் பிரளயத்தில், மேற்குத் தாம்பரத்தில் வாங்கிய பூனைத் தீனிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, நகராத பஸ்ஸிலிருந்து நான் இறங்கியபோது செல்போன் அடித்தது. இரண்டாம் மாடி நஸீர் பாயின் மனைவி ஜமீலா.

"அண்ணா, எங்க இருக்கீங்க?"

"சிக்னல்கிட்ட மாட்டிக்கிட்டேன்மா. பாய் எப்படி இருக்கார்?"

"போயிட்டாருண்ணா. இப்பதான்."

ஹாரன் சத்தத்தை விட்டுச் சாலையோரம் ஒதுங்கினேன். பிறகு அவரே கேட்டார்: "நவாப்புக்குத் தீனி கிடைச்சுதா?"

கிடைத்தது என்றேன்.

நவாப் என்பது பாய் வீட்டுப் பூனை. அவர்கள் மகள் கல்யாணமாகி துபாய் போனபோது விட்டுப்போனது. இரண்டாம் மாடி வாசலைத் தாண்டி ஒரு நாளும் வெளியே கால் வைத்ததில்லை. உலகம்தான் அதைப் பார்க்க வந்தது. மகள் இல்லாத வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போனவர்களெல்லாம் பூனைக்கும் கொஞ்சம் ஆறுதல் எடுத்துப் போனோம். ஒருவர் பிஸ்கட், ஒருவர் தயிர்சாதம், ஒருவர் கறித்துண்டு, நான் நெத்திலி வறுவல். ஓராண்டில் நவாப் ஜன்னலில் உட்கார்ந்தால் அந்த அறைக்குச் சூரியோதயம் ரத்து என்றாகிவிட்டது. வண்டலூர் ஜூவிலிருந்து தப்பித்த ஏதோ ஒன்று என்று கேஸ் சிலிண்டர் போடுபவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

தாம்பரத்தில் ஒரு கால்நடை டாக்டரம்மாவிடம் தூக்கிப்போனோம். தூக்கியது பாய், மூச்சு வாங்கியது நான். அந்தம்மா எடை போட்டார்: ஏழு கிலோ இருநூறு.

"ஒரு நாளைக்கு எவ்வளவு போடறீங்க?"

"கிண்ணம் காலியானா போடுவோம் டாக்டர்," என்றார் பாய்.

"அப்ப எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியாது."

இந்த ஒரு வாக்கியம் பாயை அடித்துப்போட்டது. திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் மூன்று லேத் வைத்துப் பட்டறை நடத்தியவர் அவர். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு பிசகினால்கூட, மொத்த உருப்படியையும் ஓரமாகத் தள்ளிவிடுகிற மனிதர். அவரைப் பார்த்து அளவு தெரியாது என்று ஒருவர் சொல்லிவிட்டார். டாக்டரம்மா அவர் கையைப் பிடித்து நவாப்பின் விலாவில் வைத்தார். "எலும்பு கைக்குத் தட்டுப்படணும், கண்ணுக்குத் தெரியக்கூடாது. அஞ்சு கிலோதான் இலக்கு. பட்டினி மட்டும் போட்றாதீங்க. ரெண்டு மூணு நாள் சாப்பிடாம கெடந்தா குண்டுப் பூனைக்கு ஈரல் கெட்டுடும். வாரத்துக்கு அம்பது, அறுபது கிராம் இறங்குனா போதும்."

மறுநாளே பாய் பட்டறையில் எவர்சில்வரில் ஒரு கப் கடைந்து கொண்டுவந்தார். தீனியை அள்ளி விளிம்போடு வழித்தால் சரியாக இருபத்து நான்கு கிராம். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அதற்கு மேல் ஒரு பருக்கை கிடையாது. நவாப் மூன்று நாள் ஊரே கேட்கக் கத்தியது. பீர்க்கன்கரணை ஏரியில் கொக்குகள் இடம்பெயர்ந்தன என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆனால் பெயர்ந்தன.

கத்தல் பொறுக்காமல் நான்காம் நாள் சட்டைப் பையில் நெத்திலியோடு போனேன். பாய் கதவைத் திறந்ததும் மூக்கைச் சுருக்கினார்.

"இன்னாண்ணா, பாக்கெட்ல காசிமேட்டு மீன் மார்க்கெட்டையே வச்சிகினு வந்துகீறீங்க?"

"பாவம் பாய், வாயில்லா ஜீவன்."

"வாய் இல்லியா? அதுக்கு வாய் மட்டும்தான் கீது." என் பையில் கைவிட்டுப் பொட்டலத்தை எடுத்து ஒவ்வொன்றாக அவரே தின்றார். தின்றுகொண்டே சொன்னார்: "அது கத்துறது பசியில இல்லண்ணா, பழக்கத்துல. நாம போடுறதும் பாசத்துல இல்ல, அது கத்துறத கேக்க முடியாம."

வெள்ளிக்கிழமை தோறும் அவர் ஜும்மா தொழுகை முடிந்து வந்ததும் எடை. மருமகன் கொடுத்தனுப்பிய மின்னணு எடை மெஷினில் பூனை தனியாக நிற்குமா? நவாப் நிற்காது. எனவே பாய் அதைத் தூக்கிக்கொண்டு ஏறுவார். பிறகு இறக்கிவிட்டுத் தனியாக ஏறுவார். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் நவாப். ஆனால் பூனையை அணைத்து நிற்பவருக்குக் காலடியில் எண் தெரியாது. அதைப் படிக்கும் மகத்தான பதவி எனக்குக் கிடைத்தது. லாரி பார்சல் ஆபீஸில் முப்பது வருஷம் எடை எழுதியவன் நான். பெட்டியோடு எடை, பெட்டி எடை, சரக்கு எடை என்று மூன்று கட்டம் போட்டு ஒரு நோட்டும் வைத்தேன். தரையில் மண்டியிட்டு, அரண்மனைக் கட்டியக்காரன் மாதிரி கத்துவேன்: "எண்பத்தஞ்சு புள்ளி ஆறு! எழுபத்தெட்டு புள்ளி நாலு! மாமன்னர் நவாப், ஏழு புள்ளி ரெண்டு!"

வாரா வாரம் நவாப் இளைத்தது. ஆறரைக்கு வந்தபோது கட்டிலில் தாவியது. ஆறுக்கு வந்தபோது தன் முதுகைத் தானே நக்கிக்கொண்டது. ஜமீலா கண் கலங்கினார். ரம்ஜான் மாதத்தில் பாயின் கன்னம் ஒட்டியிருந்ததை எல்லாரும் பார்த்தோம். "நோன்பு முடிஞ்சா ஏறிக்கும்," என்றார் அவர். "பூனைக்கு டயட், பாய்க்குப் பலன்," என்றேன் நான். எல்லாரும் சிரித்தோம். பாயும் சிரித்தார்.

முப்பத்து நான்காவது வெள்ளிக்கிழமை நவாப் ஐந்து கிலோ நூறுக்கு வந்தது. ஜமீலா பிரியாணி செய்தார். பாய் இரண்டு வாய் தின்றுவிட்டு, வயிறு ஒரு மாதிரி இருக்கிறது என்று தட்டை நகர்த்தினார். அந்த வாரமே முதுகு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தில் கட்டி, ஈரல்வரை பரவியிருந்தது.

"எவ்வளவு நாளா எடை குறையுது?" என்று அந்த இளம் டாக்டர் கேட்டார்.

"நோன்புலேர்ந்துதான் இருக்கும் சார்," என்றார் ஜமீலா.

நான் எழுந்தேன். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்துக்கொண்டு திரும்பினேன். டாக்டர் நடுக் கட்டத்தில் விரலை வைத்துக் கீழே கீழே இறக்கினார். எழுபத்தெட்டு புள்ளி நாலில் தொடங்கி அறுபத்து நாலு புள்ளி ஒன்பதில் முடிந்தது. ஒரு வாரம்கூட ஏறவில்லை.

"யார் எழுதினது இது?"

"நான்தான் சார்."

"நோன்பு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நாலு கிலோ போயிருக்கே. யாருமே பாக்கலையா?"

பார்த்தேன். பார்த்தது மட்டுமா, வீடே கேட்க முப்பத்து நான்கு வெள்ளிக்கிழமை வாய்விட்டுப் படித்தேன். பார்சல் ஆபீஸில் பெட்டி எடையை யாரும் படிப்பதில்லை. அது கழிப்பதற்காக எழுதுகிற எண். பூனை எழுபது கிராம் இறங்கியதற்குக் கைதட்டினேன். அதைத் தூக்கி நின்ற மனிதர் பதின்மூன்றரைக் கிலோ கரைந்துகொண்டிருந்ததை என் கையாலேயே கழித்துக் கழித்துத் தள்ளினேன். மிகைப்படுத்திப் பேசுகிறவன் என்று என்னை உங்கள் எல்லாருக்கும் தெரியும். இதில் ஒரு கிராம்கூட மிகை இல்லை.

முன்பே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரைக் கேட்டேன். "சொல்ல முடியாது," என்றார். பிழைத்திருக்க முடியாது என்று அவர் சொல்லியிருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

மார்கழியில் ஒரு நாள் பாயின் கட்டிலருகே உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். முதல் முறையாக என் வாயில் அலங்காரம் எதுவும் வரவில்லை. அவர் கண்ணை மூடியே கேட்டார். பிறகு, "கணக்கு தப்பு இல்லண்ணா," என்றார். "பார்சல் நல்லபடியா வந்து சேர்ந்துச்சில்ல? வுடுங்க. பெட்டி பழசு."

அவர் அடக்கம் முடிந்து இரண்டு நாள் நவாப் கிண்ணத்தைத் தொடவில்லை. ஜமீலா தன் துக்கத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, விரலில் எடுத்து அதன் வாயில் தடவினார். மூன்றாம் நாள் நக்கியது. "நீங்களும் சாப்பிடுங்கம்மா," என்று என் வீட்டுக்காரி சொன்ன பிறகுதான், இரண்டு நாளாக அவரும் சாப்பிடவில்லை என்று எங்களுக்கு உறைத்தது. பாருங்கள், மறுபடியும் பூனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

கப் ஜமீலாவிடம் இருக்கிறது, அது அவருடையது. வெள்ளிக்கிழமைகளில் இப்போது நான் நவாப்பைத் தூக்குகிறேன், அவர் படிக்கிறார். இரண்டு பேர் எடையையும் தனித்தனியாக எழுதுகிறார். பாய் விஷயத்திலிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது ஒரு கெட்ட பழக்கம் மட்டும்தான்: ஆளைப் பார்ப்பது. போன வாரம் மூன்றாம் மாடி டீச்சரைப் படிக்கட்டில் நிறுத்தி, "வளையல் ஏன் முழங்கை வரைக்கும் ஏறுது?" என்று கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கு வேற வேலையே இல்லியா மாமா?" என்று சீறினார்.

இல்லை டீச்சர். ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள். அதுவரை படிக்கட்டில்தான் உட்கார்ந்திருப்பேன்.