மேளமில்லாத நோம்பி

எங்கள் ஊர் நோம்பிக்கு மேளம் கிடையாது, வேட்டு கிடையாது, கொம்பு ஊத ஆள் கிடையாது. கல்யாணமாகி மொரப்பூர் பக்கம் வந்த புதிதில் இதைச் சொன்னதும் என் மாமியார் வாய்விட்டுச் சிரித்தார். "எழவு வூட்டுலகூட மோளம் உண்டேம்மா" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. புது மருமகள் என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

நான் பிறந்த ஊர் கம்பைநல்லூர் தாண்டி உள்ளே இருக்கிறது. ஊரைவிட ஏரி பெரிது. ஏரிக்குள் கருவேல மரங்கள் கழுத்தளவு தண்ணீரில் நிற்கும். ஐப்பசி மழையில் ஏரி நிரம்பிவிட்டால் கார்த்திகையில் எங்கிருந்தோ நாரையும் கூழைக்கடாவும் வந்து இறங்கும். எந்தத் தேசத்துப் பறவை என்று நாங்கள் கேட்டதில்லை. தாய்வீட்டுக்குப் பிள்ளை பெற வருகிற பெண்கள் அவர்கள், அவ்வளவுதான். அதனால் எங்கள் ஊரில் யாரும் "கொக்கு வருது" என்று சொல்லமாட்டார்கள். "வராங்க" என்பார்கள். குஞ்சுகள் பறக்கும்வரை ஏரியில் வலை இறங்காது. ஊரில் உரத்துச் சண்டை போட்டால்கூடப் பெரியவர்கள் அதட்டுவார்கள்.

பறவை வந்த உடனே நோம்பி வைத்துவிட மாட்டோம். வந்தவர்கள் தங்குவார்களா என்று பார்க்கவேண்டும் அல்லவா? ஒரு பறவையாவது அலகில் சுள்ளியைத் தூக்கிக்கொண்டு மரத்துக்குப் போகவேண்டும். அதைக் கண்டதும் ஏரி மடையைப் பார்த்துக்கொள்கிறவர் வீடு வீடாக வந்து, வாசலில் நின்று, குரலைத் தாழ்த்திச் சொல்வார்: "சுள்ளி எடுத்துட்டாங்க." அன்றைக்கே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அண்ணனோ தம்பியோ, வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்ணைக் கூட்டிவரக் கிளம்பிவிடுவார்கள்.

நோம்பியன்று வெல்லமும் அரிசிமாவும் கலந்து கச்சாயம் சுட்டு, சாமைச் சோறு ஆக்கி, ஏரிக்கரைக்குக் கொண்டுபோவோம். கரையோரத்துத் தாழ்ந்த கிளை ஒன்றில் கண்ணாடி வளையல் மாட்டுவோம், பறவைகளுக்கு வளைகாப்பு. பிறகு கும்மி. கைகள் ஒன்றையொன்று நெருங்கும், ஆனால் படாது. பாட்டும் உதட்டோடு சரி. அந்தக் கும்மியைத் தவிர வேறு கும்மி எங்கள் ஊரில் இல்லை. கால்கள் மண்ணில் படும் சத்தமும் மரத்திலிருந்து அவர்கள் அலகைத் தட்டுகிற சத்தமும்தான் கேட்கும். எனக்கு எத்தனையோ ஊர்த் திருவிழாக்கள் பார்க்கக் கிடைத்தன. ஒன்றும் அதற்கு ஈடில்லை.

ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற மகள், பறவைகளுக்கு முன்னால் ஊர் எல்லைக்குள் வரக்கூடாது. "பொறந்த வூட்டுல எடம் புடிச்சாச்சு, நமக்கு எடமில்ல" என்று அவர்கள் வேறு ஏரியைப் பார்த்துப் போய்விடுவார்களாம். முதலில் அவர்கள் வரட்டும், பிறகு நீ வா. இதைக் கேட்டு வளர்ந்தபோது எனக்கு இது நியாயமாகத்தான் பட்டது. என் தலையில் வந்து விடியும்வரை எல்லா நியாயமும் நியாயம்தான்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்குத் தலைப்பிள்ளை, தை மாதக் கணக்கு. அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. கார்த்திகையும் போயிற்று. நான் சாணி தட்டினாலும் ராகி புடைத்தாலும் கண் மேலேதான் இருக்கும். ஒருநாள் ரயில் பாதைக்கு மேலே வரிசையாகப் பறவைகள் போயின. முறத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். எங்கள் ஊர்த் திசையில் திரும்பாமல் நேரே தெற்கே போய்விட்டன. அழுதுவிட்டேன்.

"உங்கூரு கொக்கு முட்டையிட்டாத்தான் நீ புள்ள பெப்பியா?" என்று மாமியார் கேலி செய்தார். ஆனால் அன்றைக்கு ராத்திரி களியில் எனக்கு மட்டும் நெய் விட்டார். வாயில்தான் அவருக்கு முள்.

எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: என் அம்மாவிடம் போய்ப் படுக்கவேண்டும். நாங்கள் அம்மாவை ஆத்தா என்போம். வலி வரும்போது ஆத்தாவின் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும். பசியைப்போல, வேறு எதைக் கொடுத்தாலும் தீராத ஆசை அது.

மார்கழியில் ஓர் ஆட்டு வியாபாரி வழியாக ஆத்தா சொல்லி அனுப்பியிருந்தாள், வருகிற கம்பைநல்லூர்ச் சந்தைக்கு என்னைக் கூட்டிவரச் சொல்லி. சந்தை ஊர் எல்லைக்கு வெளியே. பறவைகள் கோபித்துக்கொள்ள வழியில்லை. மாமியாரே வண்டி கட்டச் சொல்லி என்னைக் கூட்டிப்போனார்.

ஆட்டுச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு புளியமரத்தடியில் ஆத்தா உட்கார்ந்திருந்தாள். மடியில் கச்சாய மூட்டை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கக்கூட இல்லை, இரண்டு கையையும் நீட்டினாள். நான் போய் அந்தக் கைகளுக்குள் உட்கார்ந்துகொண்டேன். கச்சாயத்தைப் பிட்டு வாயில் ஊட்டினாள். பிறகு வளையல்காரரைக் கூப்பிட்டு, அங்கேயே, ஆட்டுப் புழுக்கைக்கு நடுவில், எனக்கு வளைகாப்பு நடத்தினாள். மஞ்சள் பூசினாள். மாமியார் பூ வைத்தார்.

"உங்கூரு கும்மிய அடிங்க பாக்கலாம், சம்பந்தியம்மா. இங்க எந்தக் கொக்குமில்ல" என்றார் மாமியார்.

ஆத்தா சிரித்தாள். எழுந்து நின்று பாடினாள், தட்டினாள். வேலை செய்து காய்த்த கைகள். ஓசை சந்தைக் கூச்சலைத் தாண்டிக் கேட்டது. ஆட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கை இப்படிப் பேசும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

வெயில் சாயத் தொடங்கியது. மாமியார் வண்டிப் பக்கம் போனவர் திரும்பி வந்தார். "ஏங்க சம்பந்தியம்மா, மார்கழி பாதி போயிருச்சு. இனி எங்கிருந்து வரப்போவுதுங்க? பேசாம புள்ளய வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

நான் ஆத்தாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். ஆத்தா என்னைப் பார்த்தாள். பிறகு மேற்கே, எங்கள் ஊர்ப் பக்கம் பார்த்தாள்.

"ஏரி முழுசா காயலீங்க" என்றாள். "நடுவுல இன்னும் தண்ணி நிக்குது. ஒரு மழை பேஞ்சா வந்துருவாங்க. நான் இவளக் கூட்டிட்டுப் போயி, அவங்க வராம போயிட்டா, ஊருல எல்லாப் பொண்ணுங்களுக்கும் பொறந்த வூடு போயிருங்க."

வண்டி ஏறும்போது நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கொக்கைவிடக் கேவலமாகப் போய்விட்டேனா என்று வழியெல்லாம் மனசு கொதித்தது. ஆத்தா வண்டியின் பின்னால் கொஞ்ச தூரம் நடந்து வந்தாள் என்று மாமியார் பிற்பாடு சொன்னார்.

மழை பெய்யவில்லை. பறவையும் வரவில்லை. தையில் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளை பெற்றேன். என் நகம் பதிந்த தழும்பை அவர் ஊரெல்லாம் காட்டிப் பெருமையடித்துக்கொண்டார். ஆத்தா வந்து பேரனைப் பார்த்துவிட்டுப் போனாள். வெயில் தணிந்ததும் குழந்தையை எடுத்துக்கொண்டு வருவதாகப் பேச்சு. வைகாசியில் ஊரில் விஷக்காய்ச்சல் வந்தது. அந்த வருஷம் நான் பிறந்த வீட்டுக்குள் நுழைந்தது செத்துப்போன ஆத்தாவை எடுப்பதற்குத்தான்.

அடுத்த ஐப்பசியில் மழை கொட்டியது. பாலங்கள் உடைந்தன, எங்கள் வீட்டுச் சுவர் ஒன்று விழுந்தது. கார்த்திகையில் பறவைகள் ரயில் பாதையைத் தாண்டி நேராக எங்கள் ஊர்ப் பக்கம் திரும்பின. நான் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டேன். இனி யார் கூப்பிட்டு அனுப்பப்போகிறார்கள்?

சில நாள் கழித்து என் தம்பி வந்தான். முழங்கால்வரை சேறு. கல்யாணமானதிலிருந்து என்னைக் கூப்பிட வருகிறவன் அவன்தான். வந்தால் சொல்லுகிற வார்த்தையும் ஒன்றுதான். வாசலில் நின்றபடியே சொன்னான்:

"அக்கா, சுள்ளி எடுத்துட்டாங்க. ஆத்தா உன்னயக் கூட்டியாரச் சொல்லுச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது.  மாமியார் அடுப்படியிலிருந்து வெளியே வந்து, தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கி என் தம்பியின் கையில் கொடுத்தார்.

"இருடா, வரேன்" என்று சொல்லிவிட்டு நான் புடவை எடுத்துவைக்க உள்ளே போனேன்.