மருந்து டிரம்மில் மழைத்தண்ணி

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி, கலும்பாங்கிலிருந்து கோலசிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றுக்கு வந்தேன். கடலோரம், கிணற்றுத் தண்ணி உப்பு. குடிக்க மழைத்தண்ணிதான். லயம் என்கிற வரிசை வீடுகளில், வீட்டுக்கு வீடு கூரைத் தகரத்தின் கீழே ஒரு நீல டிரம் இருக்கும். புல்லுக்கு மருந்து அடிக்கும் பெண்களுக்கு, மருந்து தீர்ந்ததும் வேலை வாங்கும் மண்டோர் காலி டிரம்மைக் கொடுப்பார். அதற்கு அவர்களுக்குள் போட்டியே நடக்கும். மண்டையோட்டுப் படத்தை மணல் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டால் மருந்தும் போய்விட்டது என்று நினைப்பு.

முதல் வாய் குடித்ததுமே எனக்குக் குமட்டியது. அப்போது வயிற்றில் பிள்ளை. எனக்கோ வாய் சும்மா இருக்காது. "இதுலயா குடிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டேன். "நாங்க என்ன செத்தா போயிட்டோம்?" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. அவளும் மருந்து அடிக்கிறவள்தான். போன வீடுகளில் கொடுத்த தண்ணியையும் நான் தொடவில்லை. தண்ணி வாங்கிக் குடிக்காதவளிடம் யார் பேசுவார்கள்?

என் வீட்டுக்காரர் லோரி ஓட்டினார். எண்ணெய் ஆலையில் குழாய்த் தண்ணி பிடித்து வருவார். தண்ணிக்குக் குறையில்லை, பேசத்தான் ஆளில்லை. மத்தியானம் அக்கா வேலை முடிந்து வந்ததும் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ பாடும். அவள் சிரித்தால் நானும் இங்கே தனியாகச் சிரிப்பேன், பைத்தியக்காரி மாதிரி.

ஒருநாள் அவள் என் வாசலில் வந்து நின்றாள். "பிள்ளைக்கு வாந்தி நிக்கல. ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் குழாய்த் தண்ணி குடுக்கச் சொல்றாரு." செம்பு நிறையக் கொடுத்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

இரண்டொரு நாளில் பிள்ளைக்குத் தேவலையாகி, செம்பைத் திருப்பிக் கொண்டுவந்தாள். வாங்கின பாத்திரத்தை வெறுமனே தரமாட்டோம், சீனியோ அரிசியோ போட்டுத்தான் தருவோம். அக்கா செம்பு நிறையத் தண்ணி கொண்டுவந்திருந்தாள், அவள் டிரம் தண்ணி. நோயாளிக்குத்தான் குழாய்த் தண்ணி என்று நினைத்திருப்பாள். "டிரம்ம நல்லா அலசிட்டுப் பிடிச்சதும்மா," என்றாள். அன்றைக்கு உட்கார்ந்தாள். என் வயிற்றைப் பார்த்து, பெண்தான் என்றாள். ரொம்ப நேரம் பேசினோம். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவள் போனபிறகு அந்தத் தண்ணியைக் குடிக்கவும் பயம், கொட்டவும் மனசு வரவில்லை. தட்டால் மூடி அடுப்படியில் வைத்தேன்.

சாயங்காலம் அவர் தாகத்தோடு வந்தார். நான் வீட்டுக்குப் பின்னாலிருந்து ஓடிவருவதற்குள் செம்பைத் தூக்கிக் குடித்துத் துப்பினார். "சீ, மருந்து நாத்தம். எந்தக் கழுதை குடுத்த தண்ணி இது?" லோரி இரைச்சலில் பேசிப் பழகிய குரல் அவருக்கு.

அந்தப் பக்கம் ரேடியோ நின்றது.

எனக்குப் பெண்தான் பிறந்தது. அக்கா சொன்னது பலித்ததை அவளிடம் சொல்ல அவ்வளவு ஆசை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பலகைச் சுவர்வரைக்கும் போனேன். பிறகு திரும்பி வந்துவிட்டேன்.