மறைக்கச் சொன்ன மனு

எங்கள் நீதிமன்றப் பதிவறையில் அவருக்கு மைக்காரி என்று பெயர். முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அக்கா. வழக்குக் காகிதங்களுக்கு வெளியாட்கள் நகல் கேட்டால், பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தைக் கறுப்பு மையால் அடித்துக் கொடுப்பது அக்காவின் வேலை. பத்தொன்பது வருஷமாக அதேதான். விரல் நுனியில் ஏறிய கறுப்பு எந்த சோப்புக்கும் போகாது. "என் புருஷனே கேட்டாரு, ஆபீஸ்ல கரி அள்ளுறியான்னு" என்று சிரிப்பார்.

மையடித்த தாளை அப்படியே தர மாட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து தெரியுமே! அதை நகலெடுத்து, நகல் மேல் மறுபடி மையடித்து, அதையும் நகலெடுத்துத்தான் கொடுப்பார். பெயரோடு வீடு, வேலை செய்யும் இடம், பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் போய்விடும். "சட்டம் பேரை மட்டும்தானே மறைக்கச் சொல்லுது?" என்று அதிகாரி முனகுவார். "பேரு அடிச்சவனுக்குத் தெரியாதா சார்? அவன் தேடுறது வீட்டை" என்பார் அக்கா. அதிகாரியும் கையெழுத்தைப் போட்டுவிடுவார்.

ஒரு நாள் ஒரு பெண் வந்தாள். காதுக்குக் கீழே நீளமாகத் தையல் தழும்பு, இடுப்பில் குழந்தை. கத்தியால் கீறிய புருஷன் தண்டனை முடிந்து வெளியே வந்துவிட்டான். இவள் வீடு மாறியிருந்தாள். புது விலாசம் யாருக்கும் போகக்கூடாது என்றாள். அதற்கென்று மறைப்பு மனு என்று ஒரு படிவம் உண்டு. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மூன்றாவது கட்டம்: மறைக்க வேண்டிய விலாசம். குண்டு குண்டாக எழுதினாள், சைக்கிள் கடைக்கு மேல் மாடி, பின்பக்கப் படி என்பது வரைக்கும். வழக்குக் காகிதம் முழுக்க அக்கா மையடித்தார். மனுவை நான் பதிவேட்டில் ஏற்றி வழக்குக் கட்டோடு கோர்த்தேன். அந்த மனுவை யார் மறைப்பது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எத்தனை கெட்டிக்காரர்கள் பாருங்கள்!

மூன்று வாரத்தில் அவன் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, வார்த்தைக்கு வார்த்தை மேடம். வழக்கு நகலைப் புரட்டினான், எல்லாம் கறுப்பு. சிரித்தான். "பரவாயில்ல மேடம். மறைப்பு மனு ஏதாவது வந்திருந்தா அதோட நகல் குடுங்க."

எந்தப் பாவி சொல்லிக் கொடுத்தானோ. அக்கா முடியாது என்றார். அவன் நேரே அதிகாரியிடம் போனான். அதிகாரி சட்டப் புத்தகத்தைப் பிரித்தார். மறைக்கலாம் என்ற பட்டியலில் வழக்குக் காகிதம்தான் இருக்கிறது, மனு இல்லை. ஆகவே மனு பொது ஆவணம், கேட்டால் கொடுத்தாக வேண்டும்.

"மறைக்கச் சொல்லிக் குடுத்த காகிதத்தையே அவன் கையில குடுப்பீங்களா சார்? சோத்துல உப்பு போட்டுத்தானே திங்கறீங்க?"

"சட்டத்துல இல்லாததை நான் எப்படிம்மா செய்யறது? நாளைக்கு எனக்குல்ல நோட்டீஸ் வரும்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீ எடும்மா."

நான் எடுத்தேன். தூ, என்ன ஜென்மம் இது! 'உண்மை நகல்' என்று முத்திரையும் கோணாமல் குத்திக் கொடுத்தேன். அவன் இரண்டு தடவை நன்றி சொன்னான்.

அவன் வாசல் தாண்டுவதற்குள் அக்கா பதிவேட்டைப் பார்த்து அந்தப் பெண்ணுக்கு போன் போட்டார். "எதையும் எடுக்காதே. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு உடனே கிளம்பு." அவள் கிளம்பி அரை மணியில் அவன் பின்பக்கப் படியேறிக் கதவை உடைத்தானாம். உள்ளே அடுப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்ததாம்.

"அதான் ஒண்ணும் ஆகலையே" என்றார் அதிகாரி. மறுநாள் அக்காவுக்கு மெமோ வந்தது. என்ன குற்றம் தெரியுமா? நகல் கேட்டு வந்தவரின் அந்தரங்கத்தை வெளியாருக்குச் சொல்லிவிட்டாராம்! அவனுக்கு அந்தரங்கம் உண்டாம். அதைக் காக்கப் பட்டியலில் இடமும் உண்டாம்.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் மறுபடி வந்தாள், அதே குழந்தையோடு. வேறு ஊரில் வீடு கிடைத்துவிட்டதாம். பழைய மனு பழைய விலாசத்துக்குத்தான் செல்லுபடியாகும், புதிதாக ஒன்று கொடுக்க வேண்டும் என்று அதிகாரி சொல்லி அனுப்பியிருந்தார். படிவத்தை வாங்கி மேஜையோரம் நின்று மூன்றாவது கட்டத்தில் பேனாவை வைத்தாள்.

அக்கா எழுந்து போய்ப் படிவத்தைப் பிடுங்கி நாலாகக் கிழித்தார். அந்தப் பெண் பயந்து பின்வாங்கினாள்.

"எங்கேயாவது நல்லா இரும்மா" என்றார் அக்கா. "எங்க இருக்கேன்னு எங்ககிட்ட மட்டும் சொல்லிடாதே."